கொடி பிடித்த கை

பிரான்சில் ப்ரெவோ என்ற ஊரில், அறுவடைக்கு முந்தின வாரம் நடக்கிற ஷாம்பெய்ன் மதுத் திருவிழாவின் முதல் நாள் மதியம், காரைக்கால் இளவழகனின் இடது மணிக்கட்டை ஒரு திராட்சைக்கொடி பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டது என்றால் வேலியில் துணி மாட்டிக்கொள்வதுபோல இல்லை, தேர்க்கூட்டத்தில் பிரிந்துவிடாமலிருக்க ஒருவர் கையை இன்னொருவர் பிடிப்பதுபோல, அவசரமில்லாமல், தெரிந்தே, சுற்றுச் சுற்றாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில் அவன் மனைவி தமயந்தி, தோட்டத்தின் முகப்பில் போட்டிருந்த பந்தலில் கண்ணாடிக் கிண்ணத்தின் காம்பைப் பிடித்தபடி நின்று, இதில் முதலில் பச்சை ஆப்பிள் வருகிறது, அப்புறம் வெண்ணெய் ரொட்டி, கடைசியில் மழை பெய்து ஓய்ந்த சுண்ணாம்புச் சுவர் என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது சரி. அவளோடு பாரிஸ் புறநகரிலிருந்து வந்திருந்த சுவைச் சங்கத்து ஆட்கள் தலையாட்டினார்கள். ஊற்றிக்கொடுத்த பெண்கூட நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்காகத் தமயந்தி இரண்டு குளிர்காலம் செவ்வாய்க்கிழமை தவறாமல் மதுச் சுவை வகுப்புக்குப் போயிருந்தாள். கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் மூக்கில் கண்ணாடி மாட்டிவிட்டு, சாயங்காலம் தன் மூக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சிறுசிறு குப்பிகளில் நுழைத்து வாசனை பழகியிருந்தாள். வந்து சேர்ந்த நாட்டை அவள் புகுந்த வீடாகவே நினைத்திருந்தாள். மாமியார் ஒருநாள் மெச்சாமலா போய்விடுவாள் என்று, மெச்ச வேண்டியதையெல்லாம் செய்துகொண்டே வந்தாள்.

இளவழகனுக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. அவன் பேருந்து ஓட்டினான். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டான், செருப்பைச் சேர்த்து வைத்தான், தூங்கினான். ஷாம்பெய்னை அவன் புளித்த சோடா என்பான். இந்த இரண்டு நாள் பயணத்துக்கும், அவள் குடிப்பாள், திரும்ப யாராவது கார் ஓட்ட வேண்டும் என்பதற்காகத்தான் வந்திருந்தான். பந்தலுக்குள் புழுங்குகிறது என்று வெளியே போனவன், ஒரு வரிசையின் முனையில் கொடி படர்ந்த கம்பத்தில் கை ஊன்றி, ஷூவுக்குள் போன கல்லை உதறினான். அவ்வளவுதான் அவன் செய்தது.

"தமயந்தி, கொஞ்சம் இங்க வாயேன்."

"பேசிட்டிருக்கேன்ல, இருங்க."

"இல்ல, இது கையப் பிடிச்சிருக்கு."

"எது?"

"கொடி."

அவள் கிண்ணத்தோடு போய்ப் பார்த்தாள். செப்டம்பர் மாதத்தில் கொடிச்சுருள்கள் எல்லாம் காய்ந்து கம்பிபோல ஆகியிருந்தன. இது மட்டும் அப்போதுதான் முளைத்ததுபோல இளம்பச்சையாக, ஈரமாக, கடிகாரப் பட்டைக்கு மேலே ஒரு வளையல்போலக் கிடந்தது. அவள் விரலால் பிரித்தாள். பிரிந்த சுற்று அவள் விரலை வழுக்கித் தாண்டி, மறுபடி அவன் கையிலேயே போய் உட்கார்ந்தது. அவள் விரல் அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை. தமயந்திக்கு முதல் சுருக் அப்போதுதான் பட்டது.

"வலிக்குதா?"

"இல்ல," என்றான் இளவழகன். கொஞ்சம் யோசித்து, "நல்லாத்தான் இருக்கு," என்றான்.

தோட்டத்துக்காரி மதாம் ழினெத், கணவன் போன பிறகு தனியாளாக அந்தச் சரிவையெல்லாம் பார்த்துக்கொள்கிறவள், மேலங்கியில் கை துடைத்துக்கொண்டே வந்தாள். பார்த்தாள். "பிடிச்சிடுச்சா? எந்தக் கை? இடதா? நல்லதாப் போச்சு, சாப்பிடச் சிரமம் இல்ல," என்றாள். பிறகு பந்தல் பக்கம் திரும்பி, இன்றைக்கு மழை வரும் என்று சொல்வதுபோன்ற குரலில், "நாற்காலி கொண்டாங்க, கொடி ஒருத்தரப் பிடிச்சிருக்கு," என்று கத்தினாள்.

ப்ரெவோவில் அது நடக்கிறதுதான். எல்லா வருஷமும் இல்லை, எப்போதாவது, யாரையாவது, ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாரும் மெனக்கெட்டதும் இல்லை. ஒரு தபால்காரரைப் பிடித்திருக்கிறது, முதல் பனி விழும்வரை விடாமல். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்த ஒரு பெண்ணைப் பிடித்து, கல்யாணத்தை அந்த வரிசையிலேயே நடத்தவைத்திருக்கிறது. போர்க்காலத்தில் ஓர் எதிரிச் சிப்பாயைப் பிடித்தபோது ஊரே வெட்கத்தில் தலைகுனிந்தது, ஆனாலும் நாற்காலி போட்டார்கள், ஏனென்றால் கொடி பிடித்த ஆளை நிற்கவைப்பது அந்த ஊரில் வழக்கமில்லை. யாரும் வெட்டுவதும் இல்லை. அதுவாகப் பிடித்தது, அதுவாக விடும்.

ஆகவே மாதா கோயிலிலிருந்து பாதிரியாரின் சாய்வு நாற்காலி வந்தது, காப்பிக்கடையிலிருந்து வெயில்குடை வந்தது, மருந்துக்கடைக்காரி சுருளுக்கு அடியில் தோல் உரசாமலிருக்கக் களிம்பு தடவினாள், மேயர் மூவண்ணப் பட்டையை மாட்டிக்கொண்டு வந்து வலக்கையைக் குலுக்கி ஊரின் சார்பில் நல்வரவு சொன்னார். திருவிழாவுக்கு வந்திருந்த காப்பீட்டு முகவர் ஒருவர், இது விபத்தில் சேராது, விருந்தில்தான் சேரும் என்று தன் கருத்தைச் சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டார். பித்தளை வாத்தியக்காரர்கள் சதுக்கத்தில் போட்ட மேடையை விட்டு இறங்கி, நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சரிவேறி வந்து, அந்த வரிசையின் முனையில் உட்கார்ந்து ஊதினார்கள். நாளைய ஊர்வலம் எந்த வழியாக வருவது என்று பாதிரியார் கையால் காற்றில் கோடு போட்டுப் பார்த்தார். கோழி பிடிக்குமா முயல் பிடிக்குமா என்று இரண்டு பெண்கள் இளவழகனிடம் கேட்டார்கள். அவன் அரைகுறைப் பிரெஞ்சில், எது இருக்கிறதோ அது என்றான். அது அந்த ஊருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எது இருக்கிறதோ அது என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்தபடி சரிவிறங்கிப் போனார்கள்.

அன்று சாயங்காலம்தான் கண்ணைக் கட்டிச் சுவைக்கிற போட்டி. தமயந்தி வந்ததே அதற்குத்தான். கண்ணைக் கட்டினார்கள், கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தார்கள். எந்தச் சரிவு, எந்தத் திராட்சை, எத்தனை காலம் நிலவறையில் கிடந்தது என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள், எதிலும் தவறவில்லை, கடைசிக் கிண்ணத்தில் இது மதாம் ழினெத் தோட்டத்தின் கீழ்வரிசைகளில் விளைந்தது என்றுகூடச் சொன்னாள். ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொன்னார்கள். கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. ஒரு நாய் மட்டும் மேசைக்கடியில் படுத்திருந்தது. மேலே சரிவிலிருந்து சிரிப்பும் வாத்தியமும் கேட்டன.

பரிசுக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்த பெரியவர், "நீங்கதானே கொடி பிடிச்சவரோட மனைவி? கொடுத்து வெச்சவங்க!" என்றார்.

தமயந்திக்கு வயிறு எரிந்தது. அதை அவள் முதலில் ஷாம்பெய்னின் புளிப்பு என்றுதான் நினைத்தாள். அறைக்குப் போய்ப் படுத்த பிறகும் எரிந்தது. இந்த நாட்டு மொழியை உச்சரிப்புச் சுத்தமாகப் படித்தவள் நான், இந்த நாட்டு மண்ணை நாக்கில் வைத்தே எந்தச் சரிவு என்று சொல்லக்கூடியவள் நான், இத்தனை வருஷத்தில் என் தோளில் ஒரு இலைகூட விழவில்லை. கல்லை உதறப் போன ஆளைக் கையைப் பிடித்து உட்காரவைத்து விருந்து வைக்கிறதே இந்த மண், என்று நினைக்க நினைக்க எரிந்தது. அவளுக்குப் பக்கத்தில் கட்டில் காலியாக இருந்தது. அவனுக்கு ஊரார் கம்பளியும் தலையணையும் கொடுத்துவிட்டார்கள். அவன் அங்கேயே தூங்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் முழுக்கப் பூசைக்குப் போயிருந்தபோது, அவள் அவனுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு சரிவேறினாள். பக்கத்து வரிசை வழியாகப் போனாள். இலைக்கு அந்தப் பக்கம் ஒரு பேச்சுக்குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நின்றாள். யாரும் இல்லை. இளவழகன்தான் பேசிக்கொண்டிருந்தான், தமிழில்.

"...புதன்கிழமை புதன்கிழமை ஏறுவாரு. கையில ஒரு பறவைக்கூண்டு. காலிக்கூண்டு. ஆஸ்பத்திரி நிறுத்தத்துல எறங்குவாரு. நானும் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல. ஒருநாள் பாரு, திரும்பி வர்றப்ப கூண்டுக்குள்ள ஒரு மஞ்சக்குருவி. பஸ்ல ஒருத்தரும் பேசல. அது பாட ஆரம்பிச்சிடுச்சி. நான் ஓரங்கட்டி நிறுத்திட்டேன். ஒருத்தர்கூட ஏன் நிறுத்தினேன்னு கேக்கல. பாடி முடிக்கட்டும்னு எல்லாரும் உக்காந்திருந்தோம்..."

தமயந்தி கையில் காப்பி ஆறியது. பதினெட்டு வருஷம் பக்கத்தில் படுத்தவன். வேலை எப்படி இருந்தது என்று கேட்டால் "அதே ரோடு, அதே பஸ்," என்பான். அந்த வாய்க்குள்ளா மஞ்சள் குருவி இருந்தது? இலைச்சந்து வழியாகப் பார்த்தாள். அவன் முகம் திருமணத்துக்கு முன்னால் அனுப்பின புகைப்படத்தில் இருந்த முகமாக இருந்தது. கொடியின் இலையெல்லாம் அவன் பக்கமே சாய்ந்திருந்தது. இரவுக்குள் இன்னொரு சுருள் முளைத்து, அவன் சட்டைக் காலரைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

"வீட்ல இதெல்லாம் சொல்றதில்ல," என்றான் இளவழகன் கொடியிடம். "அவளுக்கு ஆயிரம் வேலை. இதெல்லாம் அவளுக்கு ரசிக்காது."

நேற்று எரிந்தது ஒரு எரிச்சல் என்றால் இன்று எரிந்தது வேறு. நேற்று அவன்மேல் எரிந்தது. இன்று கொடிமேல் எரிந்தது. ஒரு செடி. வாயில்லாத ஒரு செடி. ஒரே ராத்திரியில் இவனிடமிருந்து இத்தனையும் வாங்கிவிட்டது.

அவள் திரும்பியபோது வரிசைக்கடைசியில், கவிழ்த்துப்போட்ட திராட்சைப் பெட்டியின்மேல் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டி, வெறும் கையைக் கொடிக்குள் விட்டு வைத்திருந்தார். பூசைக்குப் போகாத ஒரே ஊர்க்காரர். ஒக்தாவ் என்று பெயர் சொன்னார். பிறந்தது, வளர்ந்தது, கொடி வெட்டியது, கட்டியது, மருந்தடித்தது எல்லாம் இந்தச் சரிவில்தான் என்றார்.

"என்னை ஒருதடவைகூடப் பிடிச்சதில்ல," என்றார். "பாருங்க, இப்பக்கூட வெச்சிருக்கேன். தொடக்கூட மாட்டேங்குது. உங்க வீட்டுக்காரர் இதுக்கு என்ன செஞ்சார்?"

"ஷூல கல்லு இருந்துது. உதறினார்."

"கல்லு," என்றார் ஒக்தாவ். அந்தச் சொல்லை வாயில் வைத்துக் கொஞ்சநேரம் மென்றார். "என் தம்பியப் பிடிச்சுது. அவன் சோம்பேறி. அந்த எதிரிச் சிப்பாயப் பிடிச்சப்ப நான் சின்னப்பையன், வேலிக்கு வெளிய நின்னு அழுதேன். எதிரின்னு அழுதேன்னு எங்கம்மா நெனச்சா."

அவர் கண்ணில் எரிந்தது தன் வயிற்றில் எரிவதுதான் என்று தமயந்திக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் இந்த நாட்டில் அவள் ஒரு ஆளை இவ்வளவு முழுசாகப் புரிந்துகொண்டது அதுதான் முதல்தடவை. ஒக்தாவ் கையை இலைக்குள்ளிருந்து எடுத்தார், சட்டைப்பையிலிருந்து கொடி வெட்டும் கத்தரியை எடுத்து, பிடியை அவள் பக்கமாகத் திருப்பி நீட்டினார்.

"நான் வெட்டக் கூடாது. இந்த ஊர்க்காரன். நீங்க வெளியூர், உங்களுக்குத் தெரியாதுன்னு விட்டுடுவாங்க."

வெளியூர் என்ற சொல் நறுக்கென்று இறங்கியது. அவள் கத்தரியை வாங்கிக்கொண்டாள்.

பூசை முடிந்து மணி அடித்தது, ஊர்வலம் கிளம்பியது, வாத்தியம் கீழே சந்தில் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் வரிசையைச் சுற்றிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றாள். அவன் பேச்சை நிறுத்தினான். அவள் கையில் இருந்ததைப் பார்த்தான்.

"வெட்டப் போறியா?"

"ஆமா."

அவன் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, நீட்டவும் இல்லை. "அது ஒண்ணும் பண்ணலையே," என்றான், பள்ளிக்கூடத்தில் யாருக்காகவோ பரிந்துபேசும் பிள்ளைபோல. அந்தப் பரிவு அவள் கையைத் தள்ளியது. வெட்டினாள்.

சத்தம் ஒன்றுமில்லை, பல்லால் நூலைக் கடித்ததுபோல ஒரு நறுக், அவ்வளவுதான். மணிக்கட்டில் சுற்றியிருந்தது தளர்ந்து மண்ணில் விழுந்தது. வெட்டுவாயிலிருந்து தண்ணீர்போல ஒன்று சொட்டுச் சொட்டாக இறங்கியது. அதே நேரம் ஊரில் ஊற்றிவைத்திருந்த கிண்ணங்களிலெல்லாம் குமிழி நின்றுபோனது. பந்தலிலும், காப்பிக்கடையிலும், ஊர்வலம் கடக்கும்போது வாசலில் நின்று பிடித்திருந்தவர்கள் கையிலும், அடியிலிருந்து கோடுபோல ஏறிக்கொண்டிருந்த குமிழியெல்லாம் நின்று, கிண்ணத்துக்குள் வெறும் மஞ்சள் தண்ணீர் இருந்தது. ஆட்கள் கிண்ணத்தைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், "வெட்டிட்டாங்க," என்றார்கள். வாத்தியம் ஒரு பாட்டின் நடுவில் இறங்கி ஓய்ந்தது. கோயில் பதாகைகளைத் தாங்கிக்கொண்டு ஊர்வலம் அப்படியே சரிவேறி வந்தது.

ஊர் முழுக்க அந்த வரிசையின் முன்னால் நின்றது. ஒருவரும் கத்தவில்லை. மதாம் ழினெத் கீழே கிடந்த சுருளைப் பார்த்தாள், சொட்டுகிற வெட்டுவாயைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டாள்.

"யாரு வெட்டினது?"

ஒக்தாவ் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். சங்கத்து ஆட்கள் பின்னால் நகர்ந்தார்கள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல அவளிடம் நல்ல பிரெஞ்சு வாக்கியங்கள் நாலைந்து இருந்தன. வெளியூர், தெரியாது, விட்டுவிடுவார்கள்.

"நான்தான்," என்றாள் தமயந்தி. "தெரிஞ்சேதான் வெட்டினேன்."

"பொறாமையா?"

"ஆமா."

"ம்," என்றாள் மதாம் ழினெத். கூட்டத்தில் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்காததால், முன்னால் நின்ற ஒருத்தி திரும்பி, "பொறாமைதானாம்," என்று சொன்னாள். அது வாய்க்கு வாய் போய்க் கடைசிவரை சேர்ந்ததும், கூட்டம் மூச்சு விட்டது. அவர்களுக்கு அது தெரிந்த நோய்தான். தபால்காரரைப் பிடித்த கொடியை அவர் அண்ணன்தான் கடைசியில் வெட்டினார். கல்யாணப்பெண்ணைப் பிடித்ததை மாப்பிள்ளை வெட்டினான். அதுவாக விடும் என்று சொல்வார்களே தவிர, அதுவாக விட்டது என்று சத்தியம் செய்ய ஊரில் யாரும் இல்லை.

"வெட்டினவங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கு," என்றாள் மதாம் ழினெத். "இந்த வரிசையில இனி வேற யார் கைக்கும் குலை வராது. இழுத்தாலும் வராது, வெட்டினாலும் வராது. நீங்கதான் வந்து அறுக்கணும். அடுத்த சனிக்கிழமை ஆரம்பிக்கறோம். குனிஞ்சு வேலை, முதுகு போயிடும். வருவீங்களா?"

"வர்றேன்," என்றாள் தமயந்தி.

"எந்த வருஷமும் விடக் கூடாது."

"விடமாட்டேன்."

"சரி, மதியச் சாப்பாடு இங்கதான்," என்று சொல்லிவிட்டு மதாம் ழினெத் கட்டைவிரலை எடுத்தாள். சொட்டுவது நின்றிருந்தது. கீழே கிண்ணங்களில் குமிழி மறுபடி ஏறத் தொடங்கியதா என்று பார்க்கக் கூட்டம் கலைந்து இறங்கியது.

ஊர் திரும்பும்போது இளவழகன் கார் ஓட்டினான். மணிக்கட்டில் சுற்றின இடம் வெளுத்துக் கோடுகோடாகத் தெரிந்தது.

"யார்மேல பொறாமை?" என்று கேட்டான்.

"ரெண்டு பேர்மேலயும்."

அவன் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்தான். "அது கேட்டுச்சி," என்றான். "நான் பேசினா அது கேட்டுச்சி."

வீட்டுக்குப் போன பிறகு பல நாள் இருவரும் உப்புக் காரம் தாண்டிப் பேசவில்லை.

ஆனால் சனிக்கிழமை அவள் போனாள். அவன்தான் கொண்டுபோய் விட்டான். குலைகள் அவள் கைக்கு வந்தன. மற்றவர் கைக்கு வரவில்லை, ஒக்தாவ் இழுத்துப்பார்த்து உறுதி செய்தார். அடுத்த வருஷமும் போனாள், அதற்கடுத்த வருஷமும். முழங்கால் போனது, இடுப்பு போனது, விரலெல்லாம் சாறுபட்டுக் கறுத்தது. ஊரில் அவளுக்கு ஒரு பெயர் வந்தது. ரொட்டிக்காரி, மருந்துக்கடைக்காரி என்று சொல்வதுபோலவே, வன்மம் ஒன்றுமில்லாமல், பொறாமைக்காரி என்றார்கள். பொறாமைக்காரி வந்தாச்சா, பொறாமைக்காரிக்குக் கறி நல்லா வேகணும், பொறாமைக்காரி பக்கத்துல எனக்கு இடம் போடு என்றார்கள். நீள மேசையில் அவள் உட்காருகிற இடத்தில் வேறு யாரும் உட்காரவில்லை. சுவைப் போட்டியை அவள் விட்டுவிட்டாள். கொடி அவளை ஒருநாளும் தொடவில்லை. தொடாது என்று தெரிந்தும், அறுக்கும்போது சட்டைக்கையை மேலே சுருட்டித்தான் வைத்திருப்பாள். பக்கத்து வரிசையில் ஒக்தாவும் அப்படித்தான்.

இளவழகனையும் அது மறுபடி பிடிக்கவில்லை. இருந்தாலும் அவன் அந்த வரிசைக்கு மறுபக்கம் பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, அந்த வருஷம் சேர்ந்ததையெல்லாம் தணிந்த குரலில் கொடியிடம் சொல்லுவான். இந்தப் பக்கம் குனிந்து அறுத்துக்கொண்டே அவள் கேட்பாள். ஒவ்வொரு சொல்லுக்கும் எரியும். கத்தரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல், ஒன்று விடாமல் கேட்பாள்.

ஒரு வருஷம், மதியத்துக்குச் சற்று முன்னால், அவன் சொல்லிக்கொண்டிருந்தான்: ஒரு அம்மா தினமும் தனக்கொன்று, பக்கத்துக் காலி இருக்கைக்கு ஒன்று என்று இரண்டு டிக்கெட் எடுப்பாளாம், கூட்டமாக இருந்தாலும் அந்த இருக்கையில் ஒருவரும் உட்கார மாட்டார்களாம், போன மாசம் ஊருக்குப் புதுசான ஒரு பெண், கைக்குழந்தையோடு, தெரியாமல் அதில் போய் உட்கார்ந்துவிட்டாளாம். அதோடு நிறுத்தினான். தண்ணீர் குடித்தானோ, என்னவோ. இலைக்கு இந்தப் பக்கம் தமயந்தி குலையைக் கையில் ஏந்தியபடி நின்றாள். நேரம் போயிற்று. அவன் தொடரவில்லை.

"அப்புறம் என்னங்க ஆச்சு?" என்றாள்.

பக்கத்து வரிசைகளில் இருந்தவர்கள் கத்தரியை நிறுத்தினார்கள். ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் ஒக்தாவ் நிமிர்ந்து பார்த்தார். இலைகளுக்கு நடுவே அவன் சட்டையின் நீலம் தெரிந்தது, முகம் தெரியவில்லை. பெட்டி நகருகிற சத்தம் கேட்டது, தூரப் போவதற்கா கிட்ட வருவதற்கா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"அந்த அம்மா," என்றான் இளவழகன், இந்தத்தடவை கொஞ்சம் உரக்க, "குழந்தையப் பாத்தா."

"ம்," என்றாள் தமயந்தி.

"பாத்துட்டு, மடியில இருந்த பையக் கீழ வெச்சா..."

"ம்."

அவன் சொல்லிக்கொண்டே போனான். அவள் அறுக்காமல் நின்று கேட்டாள்.